புதாற்றில் தண்ணீர் நின்றதும் கரைக்குப் போங்கள்

கல்லணைக் கால்வாய் என்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதாறு. வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவார்கள், கொஞ்ச நாளில் இங்கே தண்ணீர் வடிந்துவிடும், இனிமே அங்கே என்ன இருக்கு என்று ஆட்களும் கரைப்பக்கம் வரமாட்டார்கள். பறவைகளையும் மரங்களையும் பார்க்க வேண்டியதே அப்புறம்தான், மாசி பிறந்ததும்.

பாலத்தடியிலும் மதகுக்குக் கீழேயும் குட்டைகள் தேங்கி நிற்கும். மீனெல்லாம் அதில் ஒதுங்க, மீனைத் தேடிக் கொக்குகள் வரும். காலை ஆறரைக்குள் போய், வெயில் முதுகில் படுகிற மாதிரி கிழக்குக் கரையில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். நடந்துகொண்டே இருந்தால் பறந்து போகிற வால்தான் தெரியும்.

முதலில் மடையான் என்கிற கொக்கைப் பாருங்கள். சேறும் அதுவும் ஒரே நிறம், பறந்தால்தான் வெள்ளை தெரியும். நாள் போகப்போக அதன் முதுகில் அரக்கு நிறம் ஏறும், உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் காவியாகும். கல்யாணக் களைதான், வேறென்ன.

வெண்மார்பு மீன்கொத்தி கம்பியிலோ மர உச்சியிலோ உட்கார்ந்து விடாமல் கத்துகிறதா, பக்கத்தில் மண்கரை இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் பொந்தும், அதற்குக் கீழே புது மண்ணும் வெள்ளை எச்சமும் இருந்தால் கூடு என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டே போகாதீர்கள், போட்டோவுக்காகக்கூட. காங்கிரீட் பூசிய கரையில் பொந்துக்கு ஏது வழி, அங்கே நேரத்தை வீணாக்காமல் மண்கரை உள்ள கிளை வாய்க்காலுக்குப் போங்கள். மணல் கலந்த கரை என்றால் பூச்சி பிடிக்கிற பச்சைப் பறவை பஞ்சுருட்டானும் பொந்து தோண்டும்.

சில பறவைகள் கிளம்பிப் போவதும் நம்மூர் வசந்தத்துக்கு அடையாளம். குளிருக்கு வந்த மஞ்சள் வாலாட்டி, ஊர் திரும்பும் முன் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளை வாரம் ஒருமுறை எண்ணி வாருங்கள், பங்குனி போகப்போக வரிசை குறைந்துகொண்டே வரும்.

மரங்களில் எனக்குப் பிடித்தது கல்யாண முருங்கை. இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும், தேன் குடிக்க மைனா, காக்கா, தேன்சிட்டு என்று ஒரே கூட்டம், ஒரு மரத்தடியில் நின்றாலே காலைப்பொழுது போய்விடும். புங்கையும் அரசும் பளபளவென்று தளிர்விடும், வேம்பு கொஞ்சம் பின்னால் பூக்கும். குயில் முதலில் கூவிய நாளைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். கூவுவது ஆண், புள்ளி போட்ட பெட்டை கிக் கிக் என்று கத்தும், அதைக் கேட்டுவிட்டு வேறு ஏதோ பறவை என்று நான் ரொம்ப நாள் தேடியிருக்கிறேன்.

செருப்போடு போகாதீர்கள், ஷூ வேண்டும். குட்டையில் நெளிகிற தண்ணீர்ப்பாம்புக்கு விஷமில்லை. காய்ந்த புல்லுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கும், அதனால் கால் வைக்கும் முன் குச்சியால் தட்டிவிட்டு நடங்கள்.