தீர்வையற்ற கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. திருச்சி, சென்னை போய்வரும் தோட்டத்து ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஊர் திரும்பியதும் சிலர் ஒரு பையோடு வந்து நிற்பார்கள். "தம்பி, ஏர்போர்ட்டுல வாங்கினது சரியில்ல, மாத்த முடியுமா?" பல நேரம் முடியும். ஆனால் பொருளைத் தூக்கிக்கொண்டு நேரே ரயிலேறி கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு இன்னொரு ரயில் பிடிக்காதீர்கள். கூலிக் காசு வீணாகும்.

புறப்படும்போது நீங்கள் பார்த்த தீர்வையற்ற (வரியில்லா) கடை குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அன்றைய பயணத்துக்கான போர்டிங் பாஸ் இல்லாமல் அங்கே போக முடியாது. ரசீதைக் காட்டினாலும் கெஞ்சினாலும் காவலர் விடமாட்டார். விட அவருக்கு அதிகாரமும் இல்லை, அவரிடம் கோபப்படாதீர்கள். கேஎல்ஐஏவில், அதாவது சிப்பாங் விமான நிலையத்தில், செக்-இன் கூடம் வரையாவது யாரும் நடக்கலாம். இந்தியாவில் கட்டட வாசலிலேயே டிக்கெட்டையும் அடையாள ஆவணத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் திருச்சியில் வாங்கியதை அங்குள்ள மச்சான் போய் மாற்றிவிடுவார் என்று நம்ப வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முதலில் ரசீதைப் படம் எடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். கார் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும், இல்லை தாளே கறுத்துவிடும். வாங்கிய இடத்திலேயே படம் எடுப்பது இன்னும் நல்லது.

அப்புறம் குறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்பில் தோட்டத்து அக்கா ஒருவர் மகளுக்கு வாங்கிய வாசனைத் திரவியத்தை என் மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து அழுத்தினால் வாய் வழியாக ஒன்றும் வரவில்லை. கழுத்து வளையத்தைச் சுற்றி துளித்துளியாகக் கசிந்தது. அட்டைப் பெட்டியின் அடிப்பாகம் ஊறி, உள்தாள் உரிந்திருந்தது. "உடைந்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள் என்பார்கள். அழுத்துவதையும் கசிவதையும் ஒரே காணொளியாக எடுத்தோம். போத்தலின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் தனியாகப் படம் எடுத்தோம்.

கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவரி பெரும்பாலும் ரசீதிலேயே இருக்கும். ரசீது எண், தேதி, விமான எண், எந்த முனையம், என்ன குறை, பணம் வேண்டுமா வேறு பொருள் வேண்டுமா, இவ்வளவு போதும். கடைசியில் இதையும் கேளுங்கள்: "என்னால் உள்ளே வர முடியாது. உங்கள் ஊழியர் பொதுமக்கள் கூடத்துக்கு வந்து வாங்கிக்கொள்வாரா?" கேட்டால்தான் வழி பிறக்கும். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. ஊழியர் வெளியே வந்து போத்தலை வாங்கிக்கொண்டார், பணம் அவர் கட்டிய அதே அட்டைக்குத் திரும்பியது. பதில் எழுத்தில் வந்த பிறகுதான் அவரைக் கிளம்பச் சொன்னேன்.

சிலர் அடுத்த பயணத்தில் கொண்டுபோகிறேன் என்பார்கள். அதில் நிறைய சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் போகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். சின்ன வாசனைப் போத்தல் தப்பிக்கும். மதுப் போத்தல் தப்பாது. கடையில் முத்திரை வைத்துத் தந்த பையைத் திறந்துவிட்டால், 100 மில்லி வரம்பிலிருந்து அதற்கு இருந்த சலுகையும் போய்விட்டது. பெட்டியில் போட்டு ஏற்றிவிட்டால் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும், கடைக்குப் போகாது. முனையத்தையும் பாருங்கள்: முனையம் 1-இல் வாங்கியவர் அடுத்த தடவை முனையம் 2-இலிருந்து பறந்தால் அந்தக் கடைப் பக்கமே போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவதாக இருந்தால் மூடி ஒட்டாமல், உள்ளே இருப்பதை அவருக்குத் திறந்து காட்டிக் கொடுங்கள். பிறர் கட்டிய பொட்டலத்தைச் சுமக்கவைத்துச் சோதனையில் மாட்டவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கடைக்காரர் அஞ்சலில் அனுப்பச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: வாசனைத் திரவியம் எரியக்கூடியது, பவர் பேங்கில் லித்தியம் மின்கலம் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. கூரியர் முகப்பில் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

வருகைப் பகுதியிலும் தீர்வையற்ற கடை இருக்கிறது. அங்கே வாங்கினால், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் நிற்கும்போதே திறந்து பாருங்கள். சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. வாங்கிவிட்டு இன்னொரு விமானம் மாறுபவர்கள் மட்டும் முத்திரைப் பையைத் தொட வேண்டாம்.

மனம் மாறியதால் திருப்பித் தருவது கடையின் விருப்பம். பழுது என்றால் கதை வேறு. மலேசியக் கடையாக இருந்தால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பதிலே இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பாரத்தை நிரப்பத் தெரியாவிட்டால் ரசீதோடு என் கடைக்கு வாங்க, சேர்ந்து எழுதுவோம்.