கோயில் நிர்வாகம்: யாரிடம் போய்க் கேட்பது என்பதில் நாம் செய்யும் தவறுகள்

மியன்மாரின் யாங்கோனில் நாங்கள் நான்கு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால், சோறு ஆறுவதற்குள் கோயில் பேச்சு வந்துவிடும். கொடியேற்றத்துக்கு யாரை அழைப்பது, தேர்ச்செலவை யார் பார்த்தார்கள், தமிழ்ப் பூசை ஏன் குறைந்தது. பேச்சு சூடாகி, கடைசியில் யாராவது ஒருவர் "மேலே எழுதிப்போடுவோம்" என்பார். எந்த மேலே என்பதில்தான் பெரும்பாலும் பிசகுகிறோம்.

மோல்மேனில் இருக்கும் என் மாமா, தம் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்தில், ஒரு சிக்கல் வந்தபோது கர்தினாலுக்கு எழுதச் சொன்னார். கர்தினால் சார்லஸ் போ 2003 முதல் யாங்கோன் பேராயர், 2015இல் கர்தினாலானார். நாட்டின் முதல் கர்தினால் என்பதால் எல்லா ஆயர்களுக்கும் (பிஷப்புகளுக்கும்) அவரே அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. மோல்மேன் தனி மறைமாவட்டம், அதாவது தனி ஆயரின் கீழ் உள்ள பகுதி. அங்கே சட்டம் இயற்றுவதும் நிர்வகிப்பதும் தீர்ப்பளிப்பதும் அந்த ஆயரின் பொறுப்பு. தம் பேராயத்தோடு இணைக்கப்பட்ட மறைமாவட்டத்தில் விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று பேராயர் கவனிக்கலாம், தவறு கண்டால் திருத்தந்தையாகிய போப்பாண்டவருக்குத் தெரிவிக்கலாம். பங்குத்தந்தையை மாற்ற அவரால் முடியாது. கர்தினால் பட்டம் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கவும் அவருக்கு ஆலோசனை சொல்லவும் உரியது. நாட்டின் ஆயர்கள் கூடும் ஆயர் பேரவையின் தலைவர் பதவியும் இப்படித்தான்: கூட்டத்தை நடத்துவார், மற்ற ஆயர்களுக்கு மேலதிகாரி ஆகமாட்டார்.

பங்கு மக்கள் உட்கார்ந்து பேசும் பங்குப்பேரவையைப் பற்றி இரண்டு விதமாகத் தவறு செய்கிறோம். பேரவையில் கை தூக்கி எண்ணிவிட்டால் பங்குத்தந்தையான சாமியார் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறார்கள் சிலர். திருச்சபைச் சட்டம் பங்குப்பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே தருகிறது. பேரவை இருக்க வேண்டுமா என்று முடிவு செய்வதே ஆயர்தான். "அப்படியானால் நாம் எதற்கு, டீ குடிக்கவா" என்று விட்டுவிடுகிறார்கள் மற்றவர்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது தவறுதான் பெரியது. திருச்சபையின் நன்மை பற்றிக் கருத்தைத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமை என்று அதே சட்டத்தின் 212ஆம் பிரிவு சொல்கிறது. பணம், சொத்து விஷயங்களில் பங்குத்தந்தைக்கு உதவும் நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். பேரவைக்கு ஆள் பிடிக்க வீடு வீடாகப் போகும் நாம், நிதிக்குழு இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை.

கேட்காததால் வந்த வினையை எங்கள் பங்கிலேயே பார்த்தேன். வேளாங்கண்ணி மாதாவுக்குக் கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) கட்டப் பணம் திரட்டினோம். பச்சை அட்டை நோட்டில் பெயரும் தொகையும் எழுதியது நான்தான். ஒரு பாட்டி காதுத் தோட்டைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து மேசைமேல் வைத்தார்; என்ன எழுதுவது என்று தெரியாமல் "தோடு, ஒரு ஜோடி" என்றே எழுதினேன். அந்த மழைக்காலத்தில் கோயில் கூரை ஒழுகியது. கெபிப் பணம் கூரைக்குப் போய்விட்டது. கூரை தேவைதான், யாரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று 1267ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்தவர்களுக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். இதை அன்றைக்கு நாங்களும் அறியவில்லை, சாமியாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

என்ன செய்தோம்? பலரிடம் கையெழுத்து வாங்கி, திருத்தந்தையின் தூதருக்கு அனுப்பினோம். தூதர் திருத்தந்தையின் பிரதிநிதி. அதற்காக உள்ளூர் ஆயருக்குப் பதில் அவர் பங்கை நடத்த மாட்டார். கடிதம் அலைந்த நாள்களில் எங்கள் காலக்கெடு போயிற்று. பங்குத்தந்தையின் எழுத்துப்பூர்வ ஆணையை எதிர்த்து ஆயரிடம் முறையிட, ஆணை முறைப்படி தெரிவிக்கப்பட்டதிலிருந்து பதினைந்து நாள். ஆயருடைய ஆணையே என்றால், அதைத் திரும்பப் பெறும்படி முதலில் அவரிடமே பத்து நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அதன் பிறகே ரோமாபுரி. வாய்ப்பேச்சுக்கு இந்த நாள் கணக்கு ஓடாது, அதனால் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்குத்தந்தை துறவற சபையைச் சேர்ந்தவர் என்றால் இன்னொரு குழப்பம் வரும்: பங்கு வேலைக்கு அவர் ஆயருக்குக் கட்டுப்பட்டவர், துறவற வாழ்வுக்குத் தம் சபையின் மாகாணத் தலைவருக்கு. கணக்குப் புகாரை மாகாணத் தலைவரிடம் கொண்டுபோவது வீண் அலைச்சல்.

தமிழ்ப் பூசை விஷயத்திலும் சாமியாரையே திட்டுகிறோம். வட்டாரத்தை வைத்துப் பங்கு அமைவதுதான் வழக்கம் என்றாலும், மொழியை வைத்தும் பங்கு அமைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மறைமாவட்டக் குருக்களின் பிரதிநிதிகள் அடங்கிய குருக்கள் மன்றத்தைக் கேட்ட பின் அதைச் செய்யக்கூடியவர் ஆயர் ஒருவரே. அவரிடம் போகும்போது ஆத்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை குடும்பம் தமிழில் செபிக்கிறது, எத்தனை பிள்ளைகள் தமிழில் ஞானோபதேசம் படிக்கிறார்கள் என்ற பட்டியலைக் கொண்டுபோங்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இப்போது பர்மியில்தான் செபம் வருகிறது என்பதையும் அதில் மறைக்காமல் எழுத வேண்டும்.

இப்போது எங்கள் பங்கில் நிதிக்குழு இருக்கிறது. கெபிக்கென்று தனிப் பக்கம் திறந்து, கூரைக்குப் போன தொகையைத் திரும்ப வரவேண்டிய பணமாகக் குறித்திருக்கிறார்கள். அடுத்த கொடியேற்றத்தன்று பூசை முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் தமிழிலும் பர்மியிலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறோம், பாட்டியின் தோட்டையும் சேர்த்து.