வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுதி முடிக்க

வேலைக்குப் போகிறவர்களின் நாவல்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது அத்தியாயத்தில் நின்றுபோகின்றன. நேரமே கிடைக்கவில்லை என்பார்கள். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் கிடைத்துத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்த இரண்டு நாட்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விழுந்திருக்கும். மறுபடி உட்காரும்போது கதைக்குள் நுழையவே அரைமணி போய்விடும். எழுதத் தொடங்குவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் இரண்டே காரியங்களுக்காக: இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது, விழுந்துவிட்டால் சீக்கிரம் கதைக்குள் திரும்புவது.

முதலில் கணக்கு. டெமி அளவுப் புத்தகத்தில் (நாவல்கள் வழக்கமாக அச்சாகும் அளவு) ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 முதல் 230 சொற்கள் வரும். 200 பக்க நாவல் என்றால் 40,000 முதல் 46,000 சொற்கள். வேலை நாள் ஐந்திலும் 200 சொல், ஞாயிறு 500 சொல் என்று வைத்தால் வாரத்துக்கு 1,500. முப்பது வாரத்தில் 45,000. தீபாவளி, பொங்கல், காய்ச்சல், கல்யாண வீடுகள், மார்ச் மாத இயர் எண்டிங் எல்லாவற்றுக்கும் இன்னொரு பத்து வாரத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மொத்தம் நாற்பது வாரம், ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். இந்தப் பத்து வாரத்தை ஒதுக்காதவர்கள்தான் முதல் பண்டிகையிலேயே ‘பின்தங்கிவிட்டோம்’ என்று மனம் தளர்ந்துபோகிறார்கள்.

ஆங்கிலத்தில் புழங்கும் இலக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் 1999-இல் அமெரிக்காவில் தொடங்கியது. முப்பது நாள் என்றால் நாளுக்கு 1,667 சொல் வருகிறது. தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். நாளுக்கு 200 தமிழ்ச் சொல் என்பது ஒரு புத்தகப் பக்கம். வேலைக்குப் போகிறவருக்கு அது நல்ல விளைச்சல்.

எந்த நேரம்?

ஒரு வாரம் எதுவும் எழுதாமல் உங்கள் நாளை மட்டும் குறித்து வையுங்கள்: எழுந்தது, கிளம்பியது, வண்டியில் உட்கார இடம் கிடைத்ததா, திரும்பியது, போனைக் கையில் எடுத்தது. வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால், தினமும் ஒரே இடத்தில் வரும் நாற்பது நிமிடம் ஒன்று அனேகமாகக் கண்ணில் படும். அதுதான் உங்கள் நேரம். விடியற்காலை ஐந்து மணி எல்லாருக்கும் பொருந்தாது. சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஐந்து மணி என்பது அடுப்படி நேரம். அவருக்கு மதிய உணவு இடைவேளையின் இருபத்தைந்து நிமிடமும் இரவு ஒன்பதரைக்கு மேல் கால்மணியும் உறுதியாகக் கிடைக்கலாம். ஷிஃப்டு வேலையில் இருப்பவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு, ‘எழுந்து காபி குடித்ததும்’ என்று ஒரு செயலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் நேற்று எழுதியதன் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பது. முப்பது நிமிடம் எழுதுவது. கடைசி ஐந்து நிமிடம் ‘அடுத்து’ என்று தலைப்பிட்டு மூன்று வரி: யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்து என்ன நடக்கும், யார் முதலில் பேசுவார்கள். நேரம் போதாத நாளில் எழுத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று வரியை விடவே கூடாது. பத்து நாள் கழித்து வந்தாலும் உங்களைக் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் கயிறு அதுதான். காட்சி முடியும் இடத்தில் நிறுத்துவதைவிட, உரையாடலின் நடுவில், பதில் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் அந்தப் பதிலிலிருந்து கை ஓடும்.

எழுதும்போது ஊரின் பேருந்து எண்ணோ அந்த வருடத்து அரிசி விலையோ தேவைப்பட்டால் இணையத்தில் தேடப் போகாதீர்கள். முப்பது நிமிடமும் அதிலேயே போய்விடும். அந்த இடத்தில் @@ என்று போட்டுவிட்டு நகருங்கள். மாதம் ஒருமுறை, எழுத மனம் ஓடாத ஒரு நாளில், எல்லா @@களையும் ஒன்றாகத் தேடி நிரப்பலாம்.

தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம்: கதை தொடங்கும் ஆண்டில் வயது, ஊர், பேச்சு வழக்கு, முக்கியமாக, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. விட்டு விட்டு எழுதும் நாவலில் முதலில் தடுமாறுவது இதுதான். இரண்டாம் அத்தியாயத்தில் ‘சித்தப்பா’ என்றவள் ஏழாம் அத்தியாயத்தில் அவரையே ‘மாமா’ என்பாள், ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்த மருமகன் காரணமே இல்லாமல் ‘நீ’க்கு இறங்குவான், செல்லத்தாயி செல்லத்தாய் ஆகிவிடுவாள். தமிழ் வாசகர் கதையில் ஓட்டையைக்கூட மன்னிப்பார், உறவுமுறை பிசகினால் அங்கேயே நின்றுவிடுவார்.

களைத்து வந்த இரவில் புதிதாக எழுத வராது. முதல் அத்தியாயத்தைத் திருத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். முதல் அத்தியாயம் பதினோரு முறை திருத்தப்பட்டு, ஆறாவது அத்தியாயம் பிறக்காமலே போன கைப்பிரதிகள் ஏராளம். அப்படிப்பட்ட இரவில் ஐம்பது சொல் போதும். அதுவும் முடியாவிட்டால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் படுங்கள். இடைவெளி விழாது.

ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் போனில் குரல்வழித் தட்டச்சை முயலலாம். ஆனால் அது வட்டார வழக்கைப் பல நேரம் எழுத்து வழக்காக மாற்றிவிடும், ர-ற, ல-ள-ழ குழப்பும், நிறுத்தக்குறிகளை விட்டுவிடும். குறிப்பு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகமும் நாவலும்

அலுவலக லேப்டாப்பில் நாவலைத் தட்டச்சு செய்யாதீர்கள், அலுவலக மின்னஞ்சலில் அனுப்பியும் வைக்காதீர்கள். வேலையில் இருக்கும்போது உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி பல தனியார் நிறுவன அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்களில் இருக்கும். உங்களுடையதை எடுத்து ஒருமுறை படியுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், பணி பாதிக்காத வரை அவ்வப்போது இலக்கியப் பணி செய்ய முன்அனுமதி கேட்பதில்லை. ஆனால் அரசின் கொள்கையை விமர்சிக்கக் கூடாது என்ற விதி புனைபெயரில் எழுதினாலும் பொருந்தும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. கைப்பிரதியை அனுப்பும் முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள். உடன் வேலை செய்பவரைப் பாத்திரமாக்குவதானால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பிரிவு, ஊர், வயது, பேசும் பாணி, நாலில் மூன்றையாவது மாற்றுங்கள்.

சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பை முதல் வரைவுக்குச் செலவழிக்காதீர்கள். முதல் வரைவைத் துண்டு துண்டாக எழுதலாம். இரண்டாம் வரைவுக்கு முழு நாவலும் ஒரே நேரத்தில் தலையில் இருக்க வேண்டும், அதை நாற்பது நாற்பது நிமிடமாகச் செய்தால் கூறியது கூறல் கண்ணில் படாது. முதல் வரைவு முடிந்ததும் ஆறு வாரம் மூடி வையுங்கள். பிறகு அச்செடுத்து, பத்து நாள் தொடர்ந்து விடுப்பு எடுத்து, முதல் மூன்று நாள் பேனா இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். நான்காம் நாள் வெட்டத் தொடங்குங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடக்கிறது. அக்டோபரிலிருந்து பதிப்பகங்கள் அந்த அவசரத்தில் இருக்கும். அப்போது போகும் கைப்பிரதி அடியில் கிடக்கும். பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில், யுனிகோட் கோப்பாக அனுப்புங்கள்.

புத்தகம் வருகிறது என்றதும் வேலையை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ராயல்டி வழக்கமாக 10 விழுக்காடு. 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி முழுக்க விற்றால் உங்களுக்கு வருவது 15,000 ரூபாய், அதுவும் ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு. சம்பளம் வரட்டும், அடுத்த நாவலுக்கான நோட்டை வாங்கி வையுங்கள்.