கற்பனை உலகங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேலூர்க் கோட்டை வாசலில் ஒரு பயிற்சி

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள், விதிப் புத்தகத்தையும் பகடைகளையும் வாங்கிய பிறகு, எந்த உலகத்தில் ஆடுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஓர் ஆட்டத்துக்கே பல கற்பனை உலகங்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றின் வரைபடங்களையும் வரலாறுகளையும் படித்து ஒப்பிடுவதைவிட, ஒரே காட்சியை ஒவ்வொரு உலகத்திலும் ஆடிப் பார்ப்பதே நல்ல வழி.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த இடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பொழுது சாயும் வேளையில் நான்கு வழிப்போக்கர்கள் அகழியைக் கடந்து வாசலுக்கு வருகிறார்கள், காவலன் மறிக்கிறான். ஆட்டத்தை நடத்துபவர் இவ்வளவு எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு உலகத்திடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காவலன் யாருக்குக் கட்டுப்பட்டவன்? அங்கே எது அரிது? மந்திரத்துக்கு என்ன விலை?

எட் கிரீன்வுட் உருவாக்கி 1987இல் ஆட்ட உலகமாக வெளிவந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் சாகசக்காரர்கள் சகஜம் என்பதால், காவலன் பெயரைக் கேட்டுவிட்டு வழிவிடக்கூடும். கீத் பேக்கரின் எபெரானில் (2004) நூறாண்டு நீடித்த ஒரு போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருப்பதால், அவன் அடையாளப் பத்திரத்தைக் கேட்பான்; வந்தவர் எந்த நாட்டுக்காகப் போரிட்டவர் என்பதே அங்கு பெரிய கேள்வியாகிவிடும்.

1991இல் வந்த டார்க் சன் உலகத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அங்கே நகரங்களை ஆள்பவர்கள் மந்திரவாதி அரசர்கள். உலோகம் கிடைப்பதே அரிது என்பதால், காவலனின் ஈட்டிமுனை எலும்பாகவோ எரிமலைக் கண்ணாடியாகவோ இருக்கும். மந்திரத்தைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் சுற்றியுள்ள செடிகள் கருகி, மண் சாம்பலாகும். அகழியில் தண்ணீர் நிற்பதே அங்கு நம்ப முடியாத செல்வம். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் ஊராருக்கு இந்த வறட்சியை விளக்க வேண்டியதே இல்லை; ஆகவே இங்கு தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

காவலனை இணங்கவைக்க 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணை மூன்று உலகங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் இணங்காவிட்டால் ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இரவு வெளியே தங்க நேரும். எபெரானில் ஒற்றர் என்று சந்தேகிக்கப்படலாம். டார்க் சன்னில் அடிமையாக விற்கப்படவும் கூடும்.

எந்த உலகத்தில் ஆடுபவர்கள் தாமாகவே காவலனிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள் என்று குறித்துவையுங்கள். அந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரே ஒரு நகரத்தைப் பற்றி மட்டும் படித்துவிட்டு, அடுத்த வாரமே ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள்.