கொல்லுலைக் கோடாலி வாங்கும்போது எதைப் பார்ப்பது

கோடாலி வாங்கப் போகிறவர்கள் பலரும் முதலில் கையில் தூக்கிப் பாரம் பார்க்கிறார்கள், பிறகு விரலால் கூர் தடவுகிறார்கள். இரண்டும் பெரிதாக எதையும் சொல்லாது. கூரை எந்தக் கிரைண்டரிலும் ஐந்து நிமிடத்தில் வரவழைக்கலாம், பாரம் வெறும் இரும்பிலும் இருக்கும். நீங்கள் காசு கொடுப்பது உண்மையில் வாயோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான்; அங்கே இருக்கிற உருக்குக்கும் அதற்குப் போட்ட தோய்ச்சலுக்கும் (காய்ச்சிச் சட்டென்று குளிரவிட்டு இறுக்குவது). மிச்சமெல்லாம் அதைத் தாங்கி நிற்கிற இரும்பு.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ சந்தைப் பக்கம் வாங்குகிறீர்களோ, ஊர்ப் பட்டறையில் சொல்லி அடிப்பிக்கிறீர்களோ, முதலில் என்ன வேலைக்கு என்று முடிவெடுங்கள். கொப்பு வெட்ட, மரம் தறிக்க என்றால் 1 முதல் 1.5 கிலோ வரையான தலை, மெல்லிய பக்கங்கள். விறகு பிளக்க மட்டும் என்றால் 2 கிலோவுக்கு மேல், பக்கம் தடித்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டைக்குள் இறுகிக்கொண்டு இழுக்கவும் வராது. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 1.5 கிலோவை ஒட்டி எடுங்கள். இரண்டு வெவ்வேறு வேலைக் கோடாலிகளைப் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

அடுத்தது இரும்பு. இங்கே அநேகமாகப் பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில்தான் அடிக்கிறார்கள். நல்ல இரும்புதான், ஸ்பிரிங் உருக்கில் கரி (காபன்) 0.6 வீதத்தை ஒட்டி இருக்கும், தோய்ச்சால் நன்றாக இறுகும். இன்னொரு வகை, உடம்பு முழுக்க மெல்லிரும்பாக அடித்து வாயில் மட்டும் உருக்கு வைத்து ஒட்டியது. ஒழுங்காக ஒட்டியிருந்தால் இதுவும் அருமையான கோடாலி. மூன்றாவது வகை கட்டிடக் கம்பியையும் கிடைத்த துண்டுகளையும் அடித்து, கறுப்புப் பெயின்ற் பூசி வைத்திருப்பது. வேப்பங்கட்டையின் முடிச்சில் நாலு அடி விழுந்ததும் வாய் மடங்கிவிடும். பெயின்ற் பூசிய தலை என்றால் வாயோரத்தைச் சுரண்டிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள்; விடாவிட்டால் வாங்கவேண்டாம்.

அடித்தவரிடமே வாங்கினால் வாய்விட்டுக் கேட்கலாம். “அண்ணை, இதுக்கு என்ன இரும்பு போட்டனீங்கள்? தண்ணியிலயோ ஒயிலிலயோ தோய்ச்சனீங்கள்? பிறகு என்ன நிறம் வரைக்கும் விட்டனீங்கள்?” மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. விஷயம் இதுதான்: செக்கச்சிவக்கக் காய்ச்சி (காந்தம் ஒட்டாத சூடு தாண்டவேண்டும்) சட்டென்று குளிரவிட்டால் உருக்கு இறுகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் திரும்பவும் மெல்லச் சூடேற்றி இளக்குவார்கள். மினுக்கி வைத்த வாயில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், பிறகு தவிட்டு நிறம், ஊதா, 300 பாகை செல்சியசை ஒட்டி நீலம். கோடாலிக்கு ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையில் நிறுத்துவது சரி. வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வைரக் கட்டையில் பல்லுப்போகும். ஸ்பிரிங் தகட்டுக்கு ஒயில்தான் பாதுகாப்பு. தண்ணீரில் மயிர்வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம்.

சொல்வதை நம்பவேண்டும் என்றில்லை, ஒரு அரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு கோடாலியை ஒப்பிடுவதானால் ஒரே அரம், ஒரே அழுத்தம், ஒரே இடம்: வாயின் மூலை. அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் மிஞ்சி இறுகியது. கடித்துப் பிடித்து, அழுத்தினால் மட்டும் தூள் விழுந்தால் நல்ல பதம். தொட்டவுடனே பொலபொலவென்று கொட்டினால் தோய்ச்சலே இல்லை. அதே அரத்தைத் தலையின் பின்பக்கத்தில் வையுங்கள், அங்கே சுலபமாகத் தேயவேண்டும். பின்பக்கமும் வாயைப் போலவே இறுகியிருந்தால் பிடித்துளையோடு வெடிக்கக்கூடும். இரண்டும் சந்தேகமாக இருந்து ஒன்றை எடுத்தே ஆகவேண்டும் என்றால் நான் மெதுவானதைத்தான் எடுப்பேன். மடங்கிய வாயைத் தட்டித் தீட்டலாம், உடைந்த வாய்க்குத் திரும்ப உலை ஏறவேண்டும்.

வாயில் உருக்கு வைத்தது என்று சொல்லி விலை கூடக் கேட்டால், அதைப் பார்க்க ஒரு தேசிக்காய் (எலுமிச்சை) போதும். வாயோரத்தை அரத்தால் வெளிச்சமாக்கி, தேசிப்புளியைத் தடவிக் கொஞ்சநேரம் விட்டுத் துடையுங்கள். உருக்கு கருஞ்சாம்பலாகும், மெல்லிரும்பு வெளிறி நிற்கும், இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். அந்தக் கோடு வாயிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு அங்குலம் என்றால் நெடுங்காலம் தீட்டித் தீட்டிப் பாவிக்கலாம், கால் அங்குலம் என்றால் சீக்கிரம் வெறும் இரும்பு வந்துவிடும். கூடக் கேட்ட விலை நியாயமா என்று அதில் தெரிந்துவிடும்.

வெடிப்புத்தான் ஆபத்தானது, அதுவும் ஓடித் தேய்ந்து களைத்த ஸ்பிரிங் தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் முன்பே இருக்கலாம். தலையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டுங்கள், மணிபோல் ஒலித்தால் சரி, அடைத்த சத்தம் வந்தால் சந்தேகம். அப்புறம் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சோக்குத்தூள் தூவுங்கள் (சோக்கு இல்லாவிட்டால் திருநீறும் வேலை செய்யும், கடவுள் கோபிக்கமாட்டார்). வெடிப்புக்குள் போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு போடும். பிடித்துளையின் மூலைகளைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும்.

வாயில் நீலக்கறை தெரிந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மினுக்கிய பிறகும் ஒரு திட்டாக நீலம் நின்றால் அது தோய்ச்சலின் நிறம் அல்ல, கிரைண்டர் சூட்டில் பதம் போன இடம்.

சுத்தியல் தழும்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். கையால் அடித்தது என்பதே தரம் ஆகாது.

விலைக்கு வருவோம். ஹார்ட்வெயார் கடையில் வரும் தலை பட்டறைத் தலையைவிட மலிவாக இருக்கலாம், ஆனால் வாய் போனால் யாரிடம் கொண்டுபோவது? அடித்தவர் பக்கத்து ஊரில் இருந்தால் தோய்ச்சுத் தருவார். நல்ல ஸ்பிரிங் தகடு உங்களிடம் இருந்தால் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி மட்டும் பேசலாம், பெரும்பாலும் அதுதான் ஆகச் சிக்கனம். வெளிநாட்டிலிருந்து யாராவது கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் கோடாலி கொண்டுவந்து தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சுவீடனில் 1902 முதல் அடிக்கிறார்கள், அடித்த கொல்லரின் பெயரெழுத்துத் தலையிலேயே பதிந்திருக்கும். ஆனால் அவர்களுடைய காட்டுக் கோடாலிகளின் மெல்லிய வாய் அங்கத்தைய பைன் மரத்துக்கு ஏற்றது. எங்கள் வைரமரங்களான பாலைக்கும் முதிரைக்கும் அப்படியே ஓங்கவேண்டாம், வாயை 30 பாகை அளவுக்குத் தடிப்பாகத் தீட்டிவிட்டுப் பாவியுங்கள்.

பிடியைத் தனியாகப் பாருங்கள், முடிந்தால் தலையை மட்டும் வாங்குங்கள். விண்ணாங்கு மரத்தில் கிடைத்தால் எடுங்கள், புளியமரமும் பரவாயில்லை. நார் நுனியிலிருந்து அடிவரை நேராக ஓடவேண்டும், நடுவில் பக்கவாட்டில் வெளியே போனால் அந்த இடத்தில்தான் முறியும். வாணிஷ் பூசியதைச் சுரண்டிவிடுங்கள், கை கொப்பளிக்கும். துளைக்குள் விரல் விட்டால் நடு ஒடுங்கி இரு பக்கமும் அகன்றிருக்கவேண்டும், அப்போதுதான் ஆப்பு அடித்ததும் பிடி உள்ளே விரிந்து பூட்டிக்கொள்ளும். பிடி போட்டபின் வாயை மேலே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள், வாயும் பிடியும் ஒரே கோட்டில் வரவேண்டும். பிறகு தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னையைவிடக் கூடத் தளரும். பழைய ஆப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த மரத்தில் புதிது செய்து அடியுங்கள்.