பழைய கார்: பார்ட்ஸ் வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது, ஐம்பது வருஷம் ஓடிய கார் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருப்பது அபூர்வம். ஒருவர் இன்ஜினை மாற்றியிருப்பார், இன்னொருவர் கார்புரேட்டரை மாற்றியிருப்பார், வயரிங்கில் மூன்றாவது ஆள் கை வைத்திருப்பார். இதை மறந்து, மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி பார்ட்ஸ் வாங்குவது முதல் தவறு. கோளாறு எங்கே என்று அளந்து பார்க்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டும் சேர்ந்தால் பணம் கரையும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வருஷத்தைச் சொல்லி பார்ட்ஸ் கேட்பது

பதிவுச் சான்றில் இருக்கும் வருஷமும் வண்டி தயாரான வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதோடு, கம்பெனிகள் மாற்றங்களை நாள்காட்டி பார்த்துச் செய்யவில்லை. பழைய பாகம் கையிருப்பு தீரும்வரை அதையே பூட்டுவார்கள், பிறகு புதியது வரும். அதனால்தான் பார்ட்ஸ் புத்தகத்தில் ஒரே பாகத்துக்கு ‘இந்த சேஸிஸ் நம்பர் வரை’, ‘இந்த இன்ஜின் நம்பர் முதல்’ என்று இரண்டு வரி இருக்கும். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் நான்கின் நம்பரையும் துடைத்துப் பார்த்து, உலோகத்தில் பதிந்திருப்பதை அப்படியே குறித்து வையுங்கள். இன்ஜின் பாகத்துக்கு இன்ஜின் நம்பர், பிரேக் பாகத்துக்கு சேஸிஸ் நம்பர் என்று பார்த்துக் கேட்க வேண்டும். இன்ஜின் மாற்றப்பட்ட வண்டியில் சேஸிஸ் நம்பரை வைத்து வாட்டர் பம்ப் வாங்கினால் பொருந்தாமல் போக நிறையவே வாய்ப்பு உண்டு.

பிளாக்கிலும் ஹெட்டிலும் புடைத்துக்கொண்டு நிற்கும் எண்ணைப் பார்ட் நம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பை வெவ்வேறு வால்வு அளவுக்குக் கடைந்திருப்பார்கள். அதேபோல பார்ட் நம்பரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டுச் சொல்வதும் ஆபத்து. அந்த ஒரு எழுத்தில்தான் இடது வலது, பழைய வடிவம் புதிய வடிவம் எல்லாம் அடங்கியிருக்கும்.

கிளட்ச் பிளேட் வாங்கினால் பூட்டுவதற்கு முன்பே கியர்பாக்ஸ் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். பல்லின் எண்ணிக்கை ஒன்று வித்தியாசப்பட்டாலும் அங்கேயே தெரிந்துவிடும். கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டும் நேரத்தில் தெரிந்தால் ஒரு நாள் வேலை வீண். புதியது பூட்டி வண்டி ஓடும்வரை பழைய பாகத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் கேட்டாலும் சரி.

‘இந்தக் காருக்கு பேரிங் கிடைக்கவில்லை’ என்று மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் பழைய பேரிங்கின் ஓரத்தைத் துடைத்துப் பார்ப்பதே இல்லை. அங்கே 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. கார் எதுவானாலும், எந்த நாட்டில் செய்தாலும் அந்த எண்ணுக்கு அந்த அளவுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகட்டு மூடி, சி3 என்றால் உள்ளே கூடுதல் இடைவெளி. ஆயில் சீலும் இப்படித்தான்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வேர்னியரில் அளந்தால் போதும். உதட்டின் பக்கம் எது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை மட்டும் கூடச் சொல்லுங்கள். ரிலே, காயில், பிளக், பம்ப் போன்றவற்றையும் கார் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியில் வாங்கித்தான் பூட்டினார்கள். பாகத்தின் மேலேயே செய்தவரின் பெயரும் எண்ணும் இருக்கும். அதை வைத்துத் தேடினால் வேறு காரின் பெட்டியில் அதே பாகம் கிடைக்கும்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கை நம்புவது

முப்பது வருஷமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்த அசல் கம்பெனிப் பாகம் என்றால் கை தானாக நீளும். கியர், ஷாஃப்ட், பம்பர், கைப்பிடி, விளக்குக் கண்ணாடி என்றால் தாராளமாக வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகும். பிரேக் ரப்பர் கிட், பெட்ரோல் ஓஸ், கார்புரேட்டர் டயாஃப்ரம், இன்ஜின் மவுண்டிங் எதுவும் விலக்கு அல்ல. கார்க் கேஸ்கெட் சுருங்கி ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒத்துவராது. டயரில் பக்கவாட்டுக் குறியின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருஷமும்: 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டக்கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடிக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

புதிதாகச் செய்து வரும் நகல் பாகங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டென்சரும் ரோட்டரும். கண்டென்சரை மாட்டும் முன் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், சுமார் 0.2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் சூட்டில் கைவிடுவது உண்டு என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைக் கழற்றி எறிய வேண்டாம். ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் நீளமாக இருந்தால் கரண்ட் பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலின் நடு வயரை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து, ரோட்டரின் நடுத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல ரோட்டரில் தீப்பொறி தாவக் கூடாது. தாவினால் ரோட்டர் ஒழுகுகிறது.

மரை, ஃபியூஸ், ஆயில்

3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல மரை வகை) பிரேக் நட்டு 9.5 மி.மீ., எம்10 (மெட்ரிக் மரை) நட்டு 10 மி.மீ. அங்குலத்துக்கு 24 மரை ஒன்றில், ஏறக்குறைய 25 மற்றதில். அதனால் யூஎன்எஃப் நட்டு எம்10 ஓட்டையில் லூசாக ஏறி, ஏதோ பிடித்ததுபோலத் தெரியும். பெடலை மிதித்து அழுத்தம் ஏறும்போது மரை உருவிக்கொண்டு வரும். பிரேக்கில் சந்தேகம் இருந்தால் மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் முறுக்கக் கூடாது. பைப் முனை விரிந்திருக்கும் வடிவமும் இரண்டு வகை, ஒன்றுக்கொன்று மாற்றினால் கசியும்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் 35 ஆம்பியர் என்று எழுதிய கண்ணாடி ஃபியூஸ் 35 ஆம்பியரில் எரியும், தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். மற்ற நாட்டு ஃபியூஸில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அதை அங்கே போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

கியர் ஆயிலில், ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். ஜிஎல்-5 ஆயில் பலவற்றில் உள்ள சேர்க்கை பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். பிரேக் ஆயிலில், டாட் 5 சிலிக்கான், டாட் 3, 4, 5.1 வகைகளோடு சேராது. 5.1 என்ற பெயரைப் பார்த்து அதையும் சிலிக்கான் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு காரான சிட்ரோயனின் ஹைட்ராலிக் சிஸ்டத்தில் ஊற்றும் பச்சை எல்எச்எம் கனிம எண்ணெய். அந்த சிஸ்டத்தில் பிரேக் ஆயில் ஊற்றினாலும், சாதாரண பிரேக் சிஸ்டத்தில் கனிம எண்ணெய் ஊற்றினாலும் ரப்பர் முழுவதும் போய்விடும்.

அளக்காமல் மாற்றுவது

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வழக்கமாக நடப்பது: பேட்டரி மாற்றுவார்கள், பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் ஒரு எர்த் பட்டையில் இருக்கும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்தால் செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போய் அவற்றைச் சூடாக்கிப் பொசுக்கும்.

சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள், இன்ஜின் பற்றக் கூடாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈயக் கொம்பிலேயே குத்துங்கள். மற்றதை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இடத்தில் வைத்துச் செல்ஃப் அடிக்கவும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் சரியில்லை. பிறகு பாசிட்டிவ் கொம்பில் இருந்து செல்ஃபின் பெரிய நட்டுவரை அளக்கவும், 0.5-ஐத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டியானால் (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்திருப்பது) இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். சார்ஜிங்கையும் இதே மீட்டரில் பார்த்துவிடலாம்: ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4.

செல்ஃப் அடிக்கும்போது பற்றி, சாவியை விட்டதும் அணைகிறதா? கார்புரேட்டரைத் தொடாதீர்கள். காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் போயிருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு நேர் வழியில் கரண்ட் வரும், விட்டதும் ரெசிஸ்டர் வழி. அது அறுந்தால் அப்படித்தான் அணையும். இதற்குத் தீர்வாக ரெசிஸ்டரைத் தாண்டி நேரடி வயர் போடுவது அடுத்த தவறு. பாலாஸ்ட் காயில் சுமார் 1.5 ஓம், சாதாரண காயில் சுமார் 3 ஓம். நேர் வயரில் 1.5 ஓம் காயிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட்டும் வெந்துபோகும்.

சூடானதும் நின்று, அரை மணி கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் மாற்றுவதுதான் வாடிக்கை. பெட்ரோல் சூட்டில் ஆவியாகி அடைப்பது உண்மைதான், ஆனால் காயிலும் கண்டென்சரும் சூட்டில் இதே மாதிரி மயங்கும். வித்தியாசம் தெரிய வண்டி நின்ற அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இழுத்து வந்தபின் ஆறியிருக்கும், எல்லாம் நன்றாக இருக்கும். அதனால் ஸ்பார்க் டெஸ்டரை வண்டியிலேயே வையுங்கள். நின்றதும் பிளக் வயரில் மாட்டிச் செல்ஃப் அடிக்கவும். பொறி இல்லை என்றால் இக்னிஷன். பொறி இருந்தால் ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை தள்ளி, கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். எஸ்யூ வகைக் கார்புரேட்டரில் இந்தப் பீய்ச்சல் கிடையாது, அதில் ஃப்ளோட் அறையின் மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். டேங்க் மூடியையும் திறந்து கேளுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கோளாறு அவ்வளவுதான்.

டைமிங் வைத்த பிறகு பாயிண்ட் இடைவெளியைத் திருத்தக் கூடாது. இடைவெளி கூடினால் டைமிங் தானாக முன்னுக்குப் போகும். முதலில் பாயிண்ட், வண்டிக்குச் சொன்ன அளவில், பல வண்டிகளில் 0.4 மி.மீ. அளவில், அதன் பிறகே டைமிங்.

இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது, பிக்கப் இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக, எல்லாப் பிளக்கும் வெளியே, காயில் வயர் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்தபடி. ஒரு பிளக்கை மட்டும் கழற்றி அளந்தாலோ த்ராட்டில் மூடியிருந்தாலோ அளவு குறைவாகக் காட்டி, நல்ல இன்ஜினையும் கெட்டது என்று சொல்லும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும்.

பிரேக் பிடித்துக்கொள்வதை வைத்துக் காலிப்பரைக் குற்றம் சொல்வது

ஒரு பக்க முன்சக்கரம் பிரேக்கை விட்ட பிறகும் விடாமல் பிடித்திருந்தால் உடனே காலிப்பர் வாங்கிவிடுகிறார்கள். பழைய ரப்பர் ஓஸ் உள்ளே வீங்கி, வால்வு மாதிரி ஆகியிருக்கலாம்: மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. வெளியில் பார்த்தால் புத்தம்புதிது போலவே இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே, ஓஸின் மேல்முனையில் இரும்புப் பைப் சேரும் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம், பெடல் ராடில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடவில்லை என்றால் காலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறக்கவும். இப்போது விட்டால் ஓஸ்தான். அதுவும் விடாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓஸ் மாற்றும்போது மறுபக்கத்து ஓஸையும் மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது. மாட்டியபின் காற்று எடுத்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குத் திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் ஓஸ் டயரிலோ ஆர்மிலோ உரசாமல், முறுக்காமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.