ஆப்பிரிக்க ராட்சத நத்தை: தோட்டத்தில் பிடித்து ஒழிக்கும் முறை

முதலில் ஆளை அடையாளம் பாருங்கள். நம்மூர்த் தோட்டத்து நத்தை ஓடு பெரும்பாலும் தட்டையாக, உருண்டையாக இருக்கும். ராட்சத நத்தையின் ஓடு கூம்பாக நீண்டு, பழுப்பு வரியோடு, வளர்ந்ததில் 7 முதல் 9 சுற்று வரை வரும். கிழக்கு ஆப்பிரிக்க இனம். 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்.

1. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் எலி நுரையீரல் புழு இதில் இருக்கலாம்.

2. பொழுது சாய்ந்ததும் கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளித் தண்டு போடுங்கள். வெயில் ஏறுமுன் சாக்கைத் தூக்கிப் பொறுக்குங்கள். மழை விட்ட இரவில் டார்ச்சோடு சுவரையும் பாருங்கள். ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பைச் சுரண்ட அங்கே ஏறும்.

3. வாளியில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து அதில் போட்டு மூடுங்கள். மூடிமேல் கல் வையுங்கள், இல்லாவிட்டால் ஏறி வந்துவிடும். செத்ததை ஆழக் குழியில் புதையுங்கள். நசுக்கி எறிந்தால் எலி தின்னும், புழுவின் சுழற்சி தொடரும்.

4. பலரும் கோட்டை விடுவது முட்டையில். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும்; ஒருமுறை சேர்ந்தால் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். அதனால் தப்பிய ஒன்றே போதும், ஒரு ஈட்டில் நூற்றுக்கு மேல் இடும். பாத்தி ஓரம், தொட்டியடி, மட்கு உரக்குவியல் மூன்றிலும் ஈரமண்ணைக் கைக்கொத்தால் மெல்லக் கிளறுங்கள். 5 மில்லிமீட்டர் அளவில், வெளிர்மஞ்சளாகக் கொத்தாகக் கிடக்கும். அள்ளிக் கொதிநீரில் போடுங்கள். பொரிக்க 8 முதல் 21 நாள். குஞ்சுகள் சில நாள் மண்ணுக்குள்ளேயே இருக்கும் என்பதால் வாராவாரம் கிளறியாக வேண்டும்.

5. கோடையில் 'ஒழிந்தது' என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு கல்லிடுக்கில், மண்ணில் உறங்கும். செத்த ஓடு என்றே தோன்றும்; கையில் கனத்தால் உயிரோடு இருக்கிறது. ஓடாது, ஒளியாது, வேலை மிச்சமாகும் காலம் இதுதான்.

நத்தையைக் கொல்லும் மருந்தான மெட்டால்டிஹைடு குருணையை வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்லமாட்டேன். நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

பிற்சேர்க்கை: உப்பை நேரே பாத்தியில் தூவலாமா என்று கேட்கிறார்கள். கூடாது; நத்தை சாகும், பயிரும் கருகும். உப்பு வாளியோடு நிற்கட்டும், அந்தத் தண்ணீரையும் செடிப்பக்கம் ஊற்றாதீர்கள்.